ஒத்திகையில் சொல்லாத வரி

புளூம்ஃபொன்டெய்ன்
3 மே 1982

ஹெட்விக்,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் அலமாரிக்குள் போட்டுவிடாதே. நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை பதினேழாம் தேதி எங்கள் குழு ஒரு புதிய ஜெர்மன் நாடகத்தை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் போடுகிறது. பெயர் 'ஐந்தாவது நாற்காலி'. எழுதியது யுட்டா கெர்லாக் என்று ஹாம்பர்கில் இருக்கும் ஒரு சின்னப் பெண். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. தாத்தா, அப்பா, அம்மா, மகள். ஐந்தாவது நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டியவன் கடைசி வரை வருவதில்லை. ஆனால் இரண்டாம் அங்கத்தில் அந்த நாற்காலி பேசத் தொடங்குகிறது. அதற்கு நடிகர் கிடையாது. மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர்தான் அந்தக் குரலையும் பேச வேண்டும் என்று அந்தப் பெண் கறாராக எழுதியிருக்கிறாள்.

இங்குள்ள ஒரு பேராசிரியர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். மேசையில் இருக்கும் நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செய்கிறார்கள். உப்பை எடு என்று சொல்ல அம்மாவுக்கு மூன்று வரி தேவைப்படுகிறது. என் ஜெர்மன் ரொட்டி வாங்கத்தான் போதும், உனக்கே தெரியும். நம் ஒன்பது நாடகங்களையும் நீதானே மொழிபெயர்த்தாய். பத்தாவதையும் செய்து கொடு.

நாடகத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெஸல்


ஸ்வகோப்முண்ட்
14 மே 1982

வெஸல்,

பிரித்தேன். அலமாரியில் இடமில்லை.

நாடகத்தை இரண்டு முறை படித்தேன். உன் நிர்வாகக் குழுவுக்குக் கண் தெரியாதா, இல்லை உன் வீட்டில் என்ன நடந்தது என்பது மறந்துவிட்டதா? மகன் வராத வீட்டைப் பற்றிய நாடகத்தை உன்னிடம் கொடுக்கிறார்கள், நீயும் வாங்கிக்கொள்கிறாய், அதை எனக்கே அனுப்பவும் செய்கிறாய். உன் துணிச்சலுக்கு அளவே இல்லை.

செய்து தருகிறேன். உனக்காக இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாள் அந்தப் பெண்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நம் பிள்ளை ஹென்னிங்கை அடக்கம் செய்துவிட்டு வந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீ ஒத்திகைக்குப் போனாய். போகும்போது என்னிடம், "அவன் இஷ்டப்பட்டுத்தான் எல்லைச் சண்டைக்குத் திரும்பிப் போனான், ஹெட்டி. ஒரு ஆம்பளையா போனான்" என்றாய். இஷ்டப்பட்டுப் போன பிள்ளை கடைசி லீவில் என்னைப் பார்க்க ஏன் வரவில்லை? நான் இங்கே என் அம்மாவின் நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். பதினான்கு நாள் லீவு. ஒரு கடிதம்கூட இல்லை. பதில் உன்னிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றே பட்டது. அதனால்தான் உன்னைவிட்டு இங்கே வந்தேன். பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அங்கம் பத்து நாளில் வரும். நான் வேலை செய்யும் விதம் மாறவில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் தட்டச்சு. நம் கல்யாணத்துக்கு வாங்கிய ஆறு நாற்காலியில் ஒன்றை உன்னிடம் விட்டு வந்ததால் மீதி சரியாக ஐந்து இருக்கிறது. ஐந்தாவது ஹென்னிங்குடையது. பேனாக் கத்தியால் முதுகில் கீறி வைத்தானே, அது.

ஹெட்விக்


புளூம்ஃபொன்டெய்ன்
26 மே 1982

ஹெட்விக்,

முதல் அங்கம் வந்தது. நேற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம். அம்மாவாக நடிக்கும் ரேனா இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, "இது ஹெட்விக் கை. நாக்குல தானா வந்து உக்காருது. எங்க பிடிச்சீங்க அவங்கள?" என்றாள். தாத்தா வேடக்காரர் ரஸ்க்கைக் காபியில் முக்கியபடியே சிரித்துப் புரையேறிவிட்டார்.

பெட்ஸ் அத்தையை ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தோராம் வருஷமாக அதே இடத்தில் முக்காலி போட்டு வசனம் எடுத்துக்கொடுக்கிறார். இப்போது நாற்காலியின் குரலும் அவருடையதுதான். "கடைசி வரியை எனக்குத் தனியா ஒட்டி அனுப்பச் சொல்லு. நாலு வருஷத்துல வழக்கத்தை மறந்திருக்கப் போறா" என்றார். நீ மறக்க மாட்டாய். எங்கள் மேடையில் கடைசி வரியை ஒத்திகையில் யாரும் சொல்வதில்லை. கேட்க ஜனம் உட்கார்ந்த பிறகுதான் நாடகம் முடியலாம். அதற்கு முன் முடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அந்த இடம் வந்ததும் பெட்ஸ் அத்தை முக்காலியைத் தட்டுவார், நாங்கள் எழுந்து காபிக்குப் போவோம்.

உன் கேள்விக்கு என்னிடம் புதிதாகப் பதில் எதுவும் இல்லை. அவன் போனான். அவ்வளவுதான்.

வெஸல்


ஸ்வகோப்முண்ட்
9 ஜூன் 1982

வெஸல்,

இரண்டாம் அங்கம் இதோடு இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஊர்ப் பனிமூட்டம் என் மூளைக்குள்ளும் ஏறிவிட்டது என்பாய்.

நாற்காலி பேசும் பகுதிக்கு நான் அதில் உட்காரவில்லை. மனம் வரவில்லை. பின்னால் நின்று முதுகில் கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். மற்ற நான்கு பேருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அல்லாடினேன். இவனுக்கு அல்லாடவே இல்லை. ஒரே காலையில் பதினொரு பக்கம். மொழிபெயர்த்த ஞாபகம் எனக்கு இல்லை, தட்டச்சு செய்த ஞாபகம் மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலை அந்த நாற்காலி மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது, யாரோ சாப்பிட்டு எழுந்து போன மாதிரி. நான்தான் இழுத்திருப்பேன் என்று உள்ளே தள்ளினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. இன்றோடு ஆறு காலை ஆகிறது. வீட்டுச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எதிர்வீட்டுக்கு ஈஸ்டருக்குப் பிறகு குடிவந்த ட்ரௌட்மன் அம்மாளுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. முந்தாநாள் ரொட்டிக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பையன் லீவுல வந்திருக்கானா? சொல்லவே இல்லையே! தினம் காலைல உங்க ஜன்னல்ல பாக்கறேன். முதுகை காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். பாவம், கழுத்துல ஏதாவது வலியா? கையை அங்கேயே வெச்சிருக்கானே" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வெஸல். லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் வாசலிலேயே நின்றேன், உள்ளே போகப் பயமாக இருந்தது. அதைவிட, உள்ளே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஹெட்விக்


புளூம்ஃபொன்டெய்ன்
18 ஜூன் 1982

ஹெட்விக்,

இது என்ன விளையாட்டு?

இரண்டாம் அங்கம், பதினான்காம் பக்கம். நாற்காலி சொல்கிறது: "சட்டையோட மேல் பட்டனைப் போட எனக்கு இப்பல்லாம் ஒரு சிகரெட் பிடிச்சு முடிக்கிற நேரம் ஆகுது. கை என்னோடதுதான். நான் சொல்றதைக் கேக்கறதில்ல." அடுத்த பக்கத்தில்: "பூட்ஸைக் கழட்டாமத்தான் தூங்கறேன்." ஜெர்மன் பிரதியை அகராதி வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அங்கே பனியும் ஏணியும்தான் இருக்கிறது. பட்டனும் இல்லை, பூட்ஸும் இல்லை.

உனக்கு யார் சொன்னது? கிம்பர்லியில் அவன் தங்கியிருந்த நண்பன் வீட்டுக்குப் போனாயா? என்னை மேடையில் நிறுத்தி, என் நடிகர்கள் முன்னால், அவன் வார்த்தைகளால் அடிக்கலாம் என்று பார்க்கிறாயா? நேற்று பெட்ஸ் அத்தை அதைப் படித்தபோது நான் ஒத்திகையை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். ரேனா தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கங்களைத் திருத்தி அனுப்பு.

வெஸல்


ஸ்வகோப்முண்ட்
28 ஜூன் 1982

வெஸல்,

ஜெர்மன் பிரதியை நானும் எடுத்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி. பட்டன் அங்கே இல்லை. என் தட்டச்சில் இருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, பைபிள் மேல் கைவைத்துச் சொல்கிறேன்.

இப்போது என் முறை. கிம்பர்லியில் ஒரு நண்பன் இருந்தான் என்பதை இன்றுதான் உன் கடிதத்தில் படிக்கிறேன். அந்த லீவில் அவன் எங்கே இருந்தான் என்று உனக்குத் தெரியவே தெரியாது என்றாயே? வெறும் பட்டன், வெறும் பூட்ஸ். அதைப் படித்துவிட்டு 'அவன் வார்த்தைகள்' என்று எழுதியவன் நீ. ஹென்னிங் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாய். இல்லாவிட்டால் படித்திருக்கிறாய்.

ட்ரௌட்மன் அம்மாள் சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கழுத்தில் வலி இல்லை. பட்டன்.

திருத்த மாட்டேன். ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். பெட்ஸ் அத்தைக்கான கவர் இதோடு இருக்கிறது, அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறேன். நீ பிரிக்காதே. உன்னிடம் என்ன இருக்கிறதோ அதை எழுது. நாலு வருஷமாக என் பிள்ளை என்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுச் செத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் வாழ்கிறேன். அது பொய் என்றால் நீ சொல்லத்தான் வேண்டும்.

ஹெட்விக்


புளூம்ஃபொன்டெய்ன்
6 ஜூலை 1982

ஹெட்விக்,

கவரைக் கொடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை.

அந்தப் பக்கங்களை நானே சிவப்பு மையால் அடித்தேன். எல்லாருடைய பிரதியிலும் அடித்தேன். நேற்று காலை பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க ஒத்திகை. அந்த இடம் வந்தது. பெட்ஸ் அத்தை பட்டனைச் சொன்னார், பூட்ஸைச் சொன்னார், தட்டச்சில் இல்லாத இன்னொன்றையும் சொன்னார். "அடிச்சதை ஏன் படிக்கிறீங்க?" என்று கத்தினேன். பிரதியை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்கடா அடிச்சிருக்கே? கண்ணாடிய மாத்து" என்றார்.

பக்கம் சுத்தமாக இருந்தது. மற்ற நான்கு பிரதியிலும் சிவப்பு மை இருக்கிறது.

இப்போது கேட்காதே. நாடகம் முடியட்டும்.

வெஸல்


புளூம்ஃபொன்டெய்ன்
20 ஜூலை 1982

ஹெட்டி,

சனிக்கிழமை நாடகம் நடந்தது. இடம் நிறைந்திருந்தது. இனி நீ கேட்டதற்குப் பதில்.

1978 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை, ஹென்னிங் கிம்பர்லியிலிருந்து எழுதிய கடிதம் நாடக அரங்கு முகவரிக்கு வந்தது. மூன்று தாள். காபி இடைவேளையில் ஒப்பனை அறையில் உட்கார்ந்து படித்தேன். பட்டன் அதில் இருந்தது. பூட்ஸ் இருந்தது. "என்னால திரும்பிப் போக முடியாது அப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, அம்மா முகத்தைப் பார்த்தா நான் உடைஞ்சுடுவேன், அதனாலதான் அங்க போகல" என்று இருந்தது. மாமாவின் பண்ணையில் ஒளிந்துகொள்கிறேன், உதவி செய்யுங்கள் என்று கெஞ்சியிருந்தான். உன்னை அவன் ஒதுக்கவில்லை, ஹெட்டி. இதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பா போனார், தாத்தா போனார், என் மகன் ஒளிந்துகொள்வதா? ஊர் என்ன சொல்லும்? இரண்டு தாள் படித்தேன். மூன்றாவதைப் படிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்பனை அறை அடுப்பில் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போனேன். பதில் எழுதவில்லை. பதில் வராவிட்டால் தானாகப் போவான், போனால் ஆண்பிள்ளை ஆவான் என்று நினைத்தேன். ஐந்து வாரத்தில் அவன் போன லாரி கண்ணிவெடியில் ஏறியது.

சனிக்கிழமை கடைசிக் காட்சி. நான்கு பேரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மறைவில் பெட்ஸ் அத்தை அரக்கை உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஜெர்மனில் கடைசி வரி என்னவென்று எனக்குத் தெரியும், அதை மட்டும் படித்து வைத்திருந்தேன்: "கதவைச் சாத்துங்கள், குளிர்கிறது." அதைத்தான் எதிர்பார்த்தேன். பெட்ஸ் அத்தை சொன்னது இது:

"அப்பா, வியாழக்கிழமை நாலு மணி ரயில் வரைக்கும் நம்ம ஊர் ஸ்டேஷன்ல இருப்பேன். நீங்க வந்து கூப்பிட்டா வீட்டுக்கு வரேன். வரலேன்னா ஏறிடறேன்."

ஜனம் எழுந்து நின்றது. பிறகு கைதட்டினார்கள். ரேனா அழுதுகொண்டே வணங்கினாள்.

அத்தையிடம் ஓடினேன். "தாளைக் காட்டுங்க" என்றேன். "தாளா? வழக்கப்படி எரிச்சாச்சே" என்று அடுப்பைக் காட்டினார். அதே அடுப்பு. "அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்றேன். "நான் சொன்னதுதான். வேற என்னத்தச் சொல்வேன்? என்னடா ஆச்சு உனக்கு, வெள்ளையா வெளுத்துப்போயிட்டே?" என்றார்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். காத்திருப்பு அறையில் டீ விற்கும் அம்மாளிடம் ஹென்னிங்கின் படத்தைக் காட்டினேன். நூறு சிப்பாய்களைப் பார்த்தவள், தெரியாது என்று சொல்வாள் என்று வேண்டிக்கொண்டேன். படத்தை வாங்கிப் பார்த்ததும், "இந்தப் புள்ளையா! நாலு வருஷம் இருக்குமே. காலைலேர்ந்து அந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தான். யாராவது வரப்போறாங்களான்னு கேட்டேன், அப்பா வருவார்னான். பட்டனைப் போடத் தெரியாம தவிச்சான், நான்தான் போட்டுவிட்டேன். ரயில் நகர்ந்தப்புறம்தான் ஏறினான். ஏறியும் கதவைச் சாத்தல. புடிச்சுக்கிட்டே நின்னான்" என்றாள்.

அன்று நான் ஒத்திகையில் இருந்தேன். ஸ்டேஷன் ஆறு நிமிஷ நடை.

அந்த வரியை நீ எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெஸல்


ஸ்வகோப்முண்ட்
28 ஜூலை 1982

வெஸல்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், கிழக்குக் காற்று மணலை வாரி அடிக்க, தொண்டை கட்டும் வரை அழுதேன். என் பிள்ளை என்னை ஒதுக்கவில்லை. இதை எனக்குச் சொல்ல உனக்கு நான்கு வருஷமும் ஒரு நாடகமும் தேவைப்பட்டிருக்கிறது. உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. அது பிறகு.

நீ கேட்டதற்குப் பதில். நான் எந்த வரியும் எழுதவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் நின்று 'கதவைச் சாத்துங்கள்' என்று சொல்லப் பார்த்தேன். மூன்று நாள் முயற்சி செய்தேன். அவன் வாயால் அதை நான் கேட்க வேண்டுமா? குரலே வரவில்லை. அதனால் வெறும் தாளை மடித்து வைத்து அரக்கு வைத்தேன். நாற்காலி பேசாமலே நாடகம் முடியட்டும் என்று நினைத்தேன். பெட்ஸ் அத்தை பிரித்தது வெள்ளைத் தாள்.

இன்னொன்று. பதினேழாம் தேதிக்குப் பிறகு நாற்காலி நகரவில்லை. உள்ளே தள்ளியது தள்ளியபடி இருக்கிறது. ட்ரௌட்மன் அம்மாள் நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பையன் கிளம்பிட்டானா? பை தூக்கிக்கிட்டுப் போனானே, ஞாயித்துக்கிழமை காலைல. எனக்குக்கூடக் கை ஆட்டிட்டுப் போனான்" என்றாள்.

அவன் இங்கே இல்லை. எங்கே போயிருப்பான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வியாழக்கிழமை உனக்கு ஒத்திகை இருக்கும். இருக்கட்டும். போ. நாலு மணிக்கு முன்னால் போ.

ஹெட்விக்


புளூம்ஃபொன்டெய்ன் ஸ்டேஷன்
5 ஆகஸ்ட் 1982, வியாழன்

ஹெட்டி,

காலை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். காத்திருப்பு அறையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவன் உட்கார்ந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தேன், ஒரு ஓரமாக.

இந்த அறைக் கதவுக்கு வில் வைத்திருக்கிறார்கள். திறந்தவர் கையை எடுத்ததும் படாரென்று அடித்துக்கொள்ளும். காலையிலிருந்து நூறு முறை கேட்டிருப்பேன். டீ விற்கும் அம்மாள் ஒவ்வொரு முறையும் திட்டுகிறாள்.

மூன்று ஐம்பதுக்கு ரயில் வந்து நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. கதவு மட்டும் திறந்தது. திறந்து அப்படியே நின்றது. வாசலில் யாரும் இல்லை. குளிர்காற்று உள்ளே வந்து மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டியது. டீ அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை.

நான் எழுந்தேன். அவனிடம் சொல்ல வேண்டியதை நாடகம் முடிந்த சனிக்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். வீட்டில் ஒரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. வழக்கம் தெரியுமே. கேட்க வேண்டியவன் வந்த பிறகுதான் கடைசி வரி.

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், மேடையில் சொல்வது போல இல்லை. டீ அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொல்லி முடிக்கும் வரை கதவு திறந்தே இருந்தது. முடித்ததும் மெல்ல, சத்தமே இல்லாமல், யாரோ கையால் பிடித்துச் சாத்துவது போலச் சாத்திக்கொண்டது.

ரயில் போய்விட்டது. அவன் ஏறவில்லை, ஹெட்டி. நான் வீட்டுக்குப் போகிறேன். நீ விட்டுப்போன அந்த ஆறாவது நாற்காலி சமையலறையில் இருக்கிறது. அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

வெஸல்